வெள்ளைத் தட்டும் ரெக்சின் பெட்டியும்

என் மனைவியின் அலமாரியைத் திறந்தால் யாருக்கும் கொஞ்சம் மனம் சோர்ந்துவிடும். சாம்பல், வெளுத்த சாம்பல், கறுப்பு, மறுபடியும் சாம்பல். கல்யாணமான புதிதில் என் அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது மனக்கஷ்டமாடா?" என்று கேட்டாள். மனக்கஷ்டம் எதுவும் இல்லை, வேலை அப்படி. அவள் அருங்காட்சியகத்தில் பழைய துணிகளைப் படம் எடுக்கிறவள். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் அந்தச் சிவப்பின் சாயல் துணியின் மேல் லேசாக விழுமாம். நம் கண் ஏமாந்துவிடும், கேமரா ஏமாறாதாம். அதனால் அந்த அறைக்குள் போகிறவர்கள் எல்லாரும் சாம்பல்தான் உடுத்த வேண்டும். அங்கே அவளுக்குச் 'சாம்பலக்கா' என்றே பெயர். நானும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்பதால் அந்தப் பெயர் வீட்டிலும் நிலைத்துவிட்டது.

எங்கள் முதல் பேச்சே ஒரு சண்டை. நான் வண்டி சீட்டுக்கும் சோபாவுக்கும் உறை தைக்கிறவன். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் அந்த அருங்காட்சியகத்தின் கூட்ட அரங்கில் நூற்றிருபது நாற்காலிக்கு உறை மாற்றும் வேலை கிடைத்தது. சிவப்பு ரெக்சின் சுருள்களை நடைவழியில் அடுக்கி வைத்திருந்தேன். எதிர் அறைக் கதவைத் திறந்துகொண்டு சாம்பல் உடையில் ஒருத்தி வந்தாள்.

"இந்தச் சிவப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறீங்களா? உள்ள என் படத்துல எல்லாம் விழுது."

"கதவைச் சாத்திக்குங்களேன்."

"சாத்தித்தான் வச்சிருந்தேன். கீழ இடுக்கு வழியா வருது."

கதவுக்கடியில் நிறம் புகுந்து வரும் என்று சொன்ன ஒருத்தியை அதுவரை நான் பார்த்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே பன்னிரண்டு சுருளையும் தூக்கி மாற்றினேன். வேலை முடிய மூன்று வாரம் ஆனது. அதற்குள் நான் சிவப்புச் சட்டை போடுவதையே விட்டிருந்தேன்.

அவள் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. பள்ளி முடித்ததும் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தின் நிறம் அச்சில் சரியாக வரவில்லை என்றால் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அச்செடுப்பாளாம். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, "உன்னோட பிடிவாதத்துக்கு இந்தக் கடை தாங்காது" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பிடிவாதத்துக்குத்தான் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. முதலில் பட்டியலுக்காகப் படம் எடுத்தாள். பதினோரு வருஷத்துக்கு முன் துணிப் பிரிவின் தலைவி, எல்லாரும் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர், இவளை அழைத்துச் சாய ஆய்வில் சேர்த்துக்கொண்டார். முதலில் இரண்டு வருஷம், பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை.

அந்த வேலையை எனக்கு அவள் நூறு முறை விளக்கியிருக்கிறாள். நூற்றியோராவது முறை எனக்கே புரிந்தது. பழைய காலத்துச் சாயமெல்லாம் வேரிலும் இலையிலும் பூவிலும் பூச்சியிலும் எடுத்தவை. மனிதர்களைப் போலவே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக வயதாகும். அவுரி நீலம் கல்லுளிமங்கன், லேசில் அசையாது. மஞ்சிட்டி வேரின் சிவப்பு மெல்ல மெல்லத் தளரும். பூவில் எடுக்கும் மஞ்சள் மட்டும் சுத்த சோதா, வெளிச்சத்தைக் கண்டாலே ஓடும். எவ்வளவு ஓடியது என்று நம் கண்ணால் சொல்ல முடியாது. அதனால் சுவரெல்லாம் கறுப்படித்த ஓர் அறையில், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், தெரியாத வெளிச்சம் என்று பதினாறு விதமான ஒளியில் ஒரே துணியைப் பதினாறு படம் எடுப்பார்கள். அடுத்த மாதம் அதே இடம், அதே தூரம், மறுபடியும் பதினாறு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அருங்காட்சியகம் மூடியிருக்கும் நாளில், பதினோரு வருஷமாக ஒரு மாதமும் விடாமல் அவள் எடுத்துவந்தாள். என் மகளுக்கு அம்மை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவும் அவள் திட்டப்படிதான் நடந்திருக்கும் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

முக்கியமாக எடுத்தது ஒரு பெரிய நெய்த திரையை. மூன்று ஆள் உயரம். காடு, அதில் நூற்றுக்கணக்கான இலைகள், அடியில் ஏழு முயல்கள். அந்த இலைகள் ஒரு காலத்தில் பச்சையாக இருந்தவை. முதலில் மஞ்சளில் தோய்த்து, பிறகு அவுரியில் முக்கிப் பச்சையாக்கியிருக்கிறார்கள். மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட, இலைகள் நீலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பார்க்க வருகிறவர்கள், வரைந்தவனுக்கு நீல மரம் பிடிக்கும் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு போவார்கள். சாயம் முழுக்கப் போய்விட்ட எட்டாவது முயல் ஒன்று கேமராவில் மட்டும் தெரியும். என் மகள் சின்ன வயதிலிருந்தே அந்த வெற்றிடத்தின் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்வாள். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. இன்னும் பீற்றிக்கொள்கிறாள்.

இனி அந்த வெள்ளைத் தட்டைச் சொல்லியாக வேண்டும். உள்ளங்கையளவு வட்டம், சுற்றிலும் உலோக விளிம்பு, நான்கு திருகாணி. துணியை எடுப்பதற்கு முன் அந்தத் தட்டை ஒரு படம் எடுப்பார்கள். இதுதான் வெள்ளை என்று அது சொல்லும். மற்ற எல்லா நிறத்தையும் அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். தராசுக்கு எடைக்கல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் அதைக் கையுறை போடாமல் தொட மாட்டாள். அதன் பக்கத்தில் யாராவது தும்மினால் அவர்களிடம் ஒரு வாரம் பேச மாட்டாள்.

அது வந்த அட்டைப் பெட்டி இரண்டு வருஷத்துக்கு முன் கிழிந்துபோனது. அவள் வீட்டில் வந்து புலம்பினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருபது வருஷத்தில் அவள் வேலைக்கு நான் செய்யக்கூடிய ஒரே காரியம் என் கைக்குக் கிடைத்திருந்தது, எப்படிச் சும்மா இருப்பேன்? தட்டின் அளவை அவளிடம் வாங்கி, ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, உள்ளே ஃபோமில் தட்டின் அளவுக்கே குழி வெட்டி, அதன் மேல் சாம்பல் ரெக்சின் ஒட்டினேன். வெளியே கறுப்பு ரெக்சின், இரட்டைத் தையல், பித்தளைக் கொக்கி. சாம்பலைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். முடித்ததும் பட்டறை மேஜையில் வைத்துக் கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

அவள் பெட்டியைத் திறந்து மூடி, திறந்து மூடி, கொக்கியின் சத்தத்தைக் கேட்டாள்.

"இதுவரைக்கும் யாரும் என் வேலைக்குன்னு அளவெடுத்து எதுவும் செஞ்சு தந்ததில்லைங்க."

அன்று நான் தரையில் நடக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிரிவில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. பழம்பொருளுக்குப் பக்கத்தில் எது போனாலும், ஒரு துண்டு நூலாக இருந்தாலும், முதலில் சோதிப்பார்கள். மூடிய கண்ணாடி ஜாடியில் பளபளக்கும் உலோகத் துண்டுகளோடு போட்டுச் சூடான அடுப்புப் பெட்டியில் இருபத்தெட்டு நாள் வைத்து, அதிலிருந்து கெட்ட ஆவி ஏதாவது வந்து உலோகம் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அலமாரிப் பலகை, தொங்கவிடும் கயிறு, லேபிள் பசை எல்லாவற்றையும் என் மனைவிதான் ஜாடியில் போட்டாள். பாதியை நிராகரித்தவளும் அவள்தான். ஆனால் வெள்ளைத் தட்டு பழம்பொருள் இல்லையே, கருவிதானே. கருவி அலமாரிக்குப் போகும் பெட்டியைச் சோதிக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு வாரம் பசை வாசனை அடித்தது. "உங்க பட்டறை வாசனை" என்று சிரித்தாளாம்.

அதன் பிறகு திரையின் மஞ்சள் திடீரென்று வேகமாகப் போக ஆரம்பித்தது. வரைபடத்தில் ஒன்பது வருஷம் மெல்ல இறங்கிய கோடு, இரண்டு வருஷத்தில் சறுக்கிக்கொண்டு கீழே போனது. இப்படியே போனால் பதினைந்து வருஷத்தில் மஞ்சள் மிச்சமே இருக்காது என்று அறிக்கை எழுதினார்கள். கீழே அவள் கையெழுத்து. மேலிடத்துக் குழு உடனே முடிவெடுத்தது. திரையை இறக்கி இருட்டறையில் நிரந்தரமாக வைத்துவிட வேண்டும், சுவரில் அச்சடித்த நகலை மாட்ட வேண்டும். அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மகள்தான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "நகல்ல எட்டாவது முயல் இருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

திரையை இறக்கி மேஜையில் விரித்த திங்கட்கிழமை, கோப்புக்காகக் கடைசிப் படங்களை எடுத்தாள். கட்டி வைப்பதற்காகப் பின்பக்கத்து உள்துணியைப் பிரித்திருந்தார்கள். ஓரத்தில் மடித்துத் தைத்த பகுதி வெளியே தெரிந்தது. நெய்த நாளிலிருந்து வெளிச்சமே படாத இடம், இலையின் பழைய பச்சை அங்கே அப்படியே இருக்கும். ஆய்வின் முதல் வருஷம் ஒரு முறை பிரித்தபோது அதைப் படம் எடுத்து வைத்திருந்தாள். இப்போதும் எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டாள். அந்த மடிப்பிலும் மஞ்சள் குறைந்திருந்தது. முன்பக்கத்துச் சறுக்கல் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு.

வெளிச்சமே படாத இடம் எப்படி வெளுக்கும்?

அவள் விளக்கைச் சோதித்தாள், கேமராவைச் சோதித்தாள். பிறகு தட்டைக் கையில் எடுத்தாள். துணியில் மடிப்புக்குள் பார்க்கிறவள் தட்டிலும் மடிப்பைத் தேடினாள். நான்கு திருகாணியையும் கழற்றி உலோக விளிம்பை எடுத்துவிட்டுப் படம் எடுத்தாள். கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். படத்திலோ விளிம்பு மூடியிருந்த இடம் சுத்தமான வெள்ளை வளையம், நடுவெல்லாம் மஞ்சள் பாரித்திருந்தது. எடைக்கல் கனத்துப்போனால் சரியான சாமானும் குறைவாகத்தான் தெரியும். வெள்ளை என்று காட்டுவதே மஞ்சளாகிவிட்டதால், திரையின் மஞ்சள் எல்லாம் கணக்கில் குறைந்துபோயிருந்தது.

மூன்று மணிக்கு அவள் என் பட்டறைக்கு வந்தாள். வேலை நேரத்தில் அவள் அங்கே வந்ததே கிடையாது. பேருந்து சீட் ஒன்றுக்கு நான் பசை தடவிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தாள். பிறகு கறுப்புப் பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்து, குனிந்து முகர்ந்தாள்.

"இதே வாசனை. இன்னும் போகல."

"எந்த வாசனை? என்ன ஆச்சு உனக்கு?"

சொன்னாள். பெட்டியின் பசையும் ஃபோமும் விடும் ஆவிதான் தட்டை மஞ்சளாக்கியிருக்கிறதாம். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. கேட்கக் கேட்க எனக்குத்தான் ரத்தம் தலைக்கேறியது.

"அப்ப நான் ஆசையா செஞ்சு குடுத்ததுதான் தப்புங்கிற."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படி? மூணு கடை ஏறி இறங்கினேன் அந்தச் சாம்பலுக்கு!"

"தெரியும்ங்க. பெட்டி நல்ல பெட்டிதான். அதைச் சோதிக்காம உள்ள வச்சது நான். ஊருல இருக்கிற எல்லாத்தையும் ஜாடியில போட்டவ, உங்க பெட்டியை மட்டும் போடல. உங்களதுன்னு போடல."

பசைத் தூரிகை கையில் காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த மாதம்தான் அவள் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம். பதினோரு வருஷ எண்களில் இரண்டு வருஷம் பொய் என்று அவளே போய்ச் சொன்னால், மீதி ஒன்பதையும் யார் நம்புவார்கள்? இன்னொரு முறை அவள் கையெழுத்துக்கு யார் மதிப்புத் தருவார்கள்?

"சும்மா விட்டுடேன்" என்றேன். "துணிக்கு ஒரு கெடுதலும் இல்ல. இருட்டுல பத்திரமாத்தானே இருக்கப் போகுது? தட்டை மாத்திடு. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"மடிப்புக்குத் தெரியும். அடுத்து எவளாவது பிரிச்சுப் பார்ப்பா."

"எப்ப? ஐம்பது வருஷம் கழிச்சா?"

"கழிச்சுதான். ஐம்பது வருஷமா ஒரு காட்டை அடைச்சு வச்சது எதுக்குன்னு கேட்பா. என் கையெழுத்து இருக்கும்."

மகள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, நீங்க இந்தக் கேஸுல தோத்தாச்சு" என்றாள்.

மறுநாள் காலை நான்தான் அவளை வண்டியில் கூட்டிப்போனேன். பெட்டி அவள் மடியில் இருந்தது. குழுக் கூட்டம் நான் உறை மாற்றிய அதே அரங்கில். இருபத்து மூன்று வருஷத்தில் ரெக்சின் நன்றாகவே தாங்கியிருந்தது, ஓரிரு இடத்தில் தையல் விட்டிருந்தது. நான் வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. நிறம் புகும் இடுக்கில் பேச்சும் புகும் அல்லவா?

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். மடிப்பு, தட்டு, வளையம். பிறகு எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். "சோதிக்கப்படாத ஒரு பெட்டியில் தட்டை வைத்தது என் தவறு. கடந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்." பெட்டி எங்கிருந்து வந்தது, யார் செய்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

பிறகு டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "திருத்தலாம்தான். கேமரா எடுத்த மூலப்படங்கள் எல்லாம் இருக்கு. ஆனா தட்டு எந்த மாசத்துலேர்ந்து கெட ஆரம்பிச்சதுன்னு உறுதியாத் தெரியணும். பெட்டி எப்ப வந்தது?"

"ரெண்டு வருஷம் இருக்கும். பதிவேட்டுல எழுதல, மேடம். அது கருவி சாமான்னு எழுதல."

"இருக்கும்னு சொன்னா கணக்குக்கு உதவாதே, அம்மா. அப்படின்னா பதினோரு வருஷத்தையும் தூக்கி ஓரமா வைக்க வேண்டியதுதான்."

நான் எழுந்தது எனக்கே தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பெட்டி நான் செஞ்சது" என்றேன். "நான் இவங்க வீட்டுக்காரன். பசை ரப்பர் பசை, ஃபோம் சீட்டுக்குப் போடற மஞ்சள் ஃபோம், ஒட்டுப்பலகை. தேதி வேணும்னா என்கிட்ட இருக்கு."

கைபேசியை எடுத்து அந்தப் படத்தைத் தேடினேன். இரண்டு வருஷத்துப் படங்களைத் தள்ளித் தள்ளி, சீட்டும் சோபாவும் மகளும் எல்லாம் ஓடி, கடைசியில் வந்தது. பட்டறை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் என் கறுப்புப் பெட்டி, கொக்கி பளபளக்க. கீழே நாள், மணி, நிமிஷம். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடுத்த நாளே கொண்டுவந்தீங்களா?"

"அடுத்த நாளே" என்றாள் என் மனைவி. "அதுக்கு அடுத்த திங்கட்கிழமை எடுத்ததுதான் சறுக்கலோட முதல் புள்ளி."

திரும்பி வரும்போது வண்டியில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "படம் எவ்வளவு மோசமா எடுத்திருக்கீங்க. முழுக்க மஞ்சளடிக்குது." எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை, என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

இரண்டு மாதம் உட்கார்ந்து இருபத்து நான்கு மாதத்துப் படங்களையும் மறுபடி கணக்கிட்டாள். சறுக்கிய கோடு நிமிர்ந்து பழைய கோட்டோடு சேர்ந்துகொண்டது. மஞ்சள் போய்க்கொண்டுதான் இருக்கிறது, எப்போதும் போன வேகத்தில். திரை மறுபடி சுவருக்கு ஏறியது. வருஷத்தில் ஆறு மாதம் தொங்கும், ஆறு மாதம் இருட்டில் ஓய்வெடுக்கும். அவள் ஒப்பந்தத்தை மூன்று வருஷத்துக்குப் பதில் ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள், கோப்பில் ஒரு குறிப்பும் ஏறியது. எனக்கு அது இன்றும் வயிற்றெரிச்சல்தான். தானே வந்து சொன்னவளுக்கா அந்தக் குறிப்பு என்று கத்தினேன். அவள், "எழுதாம இருந்தா அது என்ன ஆய்வு?" என்று சொல்லிவிட்டுச் சாம்பல் துணிகளை மடிக்கப் போனாள்.

புதுத் தட்டு வந்தபோது அவள் ஒரு காகிதத்தோடு பட்டறைக்கு வந்தாள். பசை கூடாது, ஃபோம் கூடாது, ரெக்சின் கூடவே கூடாது. சாயம் போடாத பருத்தித் துணி, அவர்கள் தரும் அட்டை, பருத்தி நூல். எல்லாமே தையலில் நிற்க வேண்டும்.

"என்னையே செய்யச் சொல்றியா? இவ்வளவுக்கு அப்புறமும்?"

"வேற யார்கிட்ட சொல்றது? அளவு உங்களுக்குத்தானே தெரியும்."

செய்தேன். நான்கு முறை பிரித்துத் தைத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு நேராக ஜாடிக்குக் கொண்டுபோனாள். இருபத்தெட்டு நாள். முடிந்ததும், சந்தேகம் தீரவில்லை என்று இன்னொரு இருபத்தெட்டு நாள். ஐம்பத்தாறாவது நாள் சாயங்காலம் பதிவேட்டின் பக்கத்தைப் படம் எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். என் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். பொருள்: பெட்டி. செய்தவர்: என் கணவர். முடிவு: நிறமாற்றம் இல்லை.

"நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என்னை அந்த ஜாடியில போட்டுப் பார்க்காம விட்டே" என்றேன்.

"எதுக்குப் போடணும்? இருபத்திரண்டு வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

"என்ன முடிவு?"

அவள் என் முகத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, உண்மையாகவே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கொஞ்சம் வெளுத்திருக்கு" என்றாள். "மெதுவாத்தான் போகுது."